இரண்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு: திருப்பி அனுப்பப்பட்ட கூட்டக் குறிப்பு

1

இது கதையாகப் பிறக்கவில்லை. என் மகளின் பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டத்துக்கு நான் எழுதிக் கொடுத்த குறிப்பு இது. தலைமையாசிரியை படித்துவிட்டு, முதல் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பினார்: “தீர்மானங்களை மட்டும் எழுதவும். ஆட்களை எழுத வேண்டாம்.” தீர்மானம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாத கூட்டம் அது. ஆட்களையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது தேதி மட்டும்தான். சரி, கதையாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று உட்கார்ந்தேன்.

மருந்துப் பெட்டிக்குள் பொடி எழுத்தில் ஒரு தாளை மடித்து வைத்திருப்பார்களே, அதை மொழிபெயர்ப்பது என் தொழில். யாரும் படிக்காததை எழுதிப் பழகிய கை. (அதனால்தான் பொய் எனக்குச் சுலபமாக வருகிறது என்று இந்த இடத்தில் எழுதி அடித்திருந்தேன். அடித்தது தெரியட்டும்.)

தொடக்கம் மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: “ஊரில் கன்னங்கள் வீங்கத் தொடங்கின.” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊரெல்லாம் வீங்கவில்லை. ஒரே வகுப்பில் ஆறு பிள்ளைகளுக்குத்தான்.

இரண்டாவது: “பொன்னுக்கு வீங்கி என்று இந்த நோய்க்குப் பெயர் வைத்தவர் நகைக்கடை வைத்திருந்திருக்க வேண்டும்.” சிரிப்பு வருகிறது, கதை வரவில்லை.

மூன்றாவது: “என் மகள் அன்று காலை என்னிடம்

இதைப் பாதியில் நிறுத்திவிட்டேன். மேற்கோள் குறியைக்கூட மூடவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

2

வகுப்பில் இருபத்தெட்டுப் பிள்ளைகள். ஆறு பேருக்கு வீங்கியதும் பள்ளியிலிருந்து சுற்றறிக்கை வந்தது. பிள்ளையை அனுப்புவதும் வீட்டில் வைத்துக்கொள்வதும் பெற்றோரின் விருப்பம் என்றது முதல் வரி. எல்லாப் பெற்றோருக்கும் ஒரே விருப்பம் இருக்க வேண்டும் என்றது இரண்டாம் வரி.* அந்த ஒரே விருப்பத்துக்கு வந்து சேர்வதற்காகச் சனிக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம்.

(* இரண்டாம் வரியில் என் மெருகு கொஞ்சம் இருக்கிறது. மூலத்தில் ‘ஒருமித்த விருப்பம்’ என்றிருந்தது. அர்த்தம் அதேதான்.)

பிள்ளைகளை ஒரே அறையில் அடைக்கலாமா என்று முடிவு செய்வதற்காக நாங்கள் நாற்பது பேர் ஒரே அறையில் அடைந்தோம். தெருச் சத்தம் வருகிறது என்று யாரோ ஜன்னலையும் சாத்தினார்கள். பிள்ளைகளை விட்டுவிட்டு வர இடமில்லாததால் எல்லோரும் கூடவே அழைத்து வந்திருந்தார்கள். ஆக, வீங்காத இருபத்திரண்டு பிள்ளைகளும் தாழ்வாரத்தில் ஒன்றாகச் சேர்ந்தார்கள். சேர்ந்த பத்தாவது நிமிடம் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார்கள். கன்னத்தை உப்பிக்கொண்டு துரத்துகிறவள் ‘வீங்கி’. அவள் தொட்டவர்களும் கன்னத்தை உப்பிக்கொள்ள வேண்டும். கடைசிவரை உப்பாதவர் ஜெயித்தவர். எங்களைவிட அவர்களுக்கு விதிகள் தெளிவாக இருந்தன.

3

இங்கே லிஃப்ட் மெக்கானிக்கைக் கொண்டுவர வேண்டும். முதல் இரண்டு பிரதிகளில் அவரை வாசலோடு நிறுத்திவிட்டேன். கோமாளித்தனமாகப் போய்க்கொண்டிருக்கிற கதைக்குள் நிஜமான கவலையோடு ஒருவர் வந்து உட்கார்ந்தால் மற்றவர்களின் சாயம் வெளுத்துவிடும். என் சாயமும்தான்.

அவருடைய மனைவி தண்ணீர் வாரியத்தின் புகார் கவுண்டரில் இருப்பவர். நாள் முழுக்கத் தொலைபேசியில் “நாளைக்கு வந்துடும்” என்று சொல்வது வேலை. அந்த அம்மாவின் தம்பிக்குச் சிறுநீரகம் மாற்றி எட்டு மாதம் ஆகிறது. கொடுத்தது அக்காதான். புது உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளைத் தம்பி சாப்பிட்டுவந்தார். சாதாரணச் சளிகூட ஒட்டக்கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தம்பி தங்கியிருந்தது அக்கா வீட்டில், இரண்டே அறைகள்.

அந்த வீட்டில் ஏழு வயதில் ஒரு பெண். என் மகளுக்குப் பக்கத்து இருக்கை. அவளைப் பள்ளிக்கு அனுப்பினால் நோயை வாங்கி வந்து மாமாவுக்குக் கொடுத்துவிடுவாள். அனுப்பாவிட்டால் அவளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருப்பது மாமா ஒருவர்தான். ஏற்கெனவே அவளுக்கு ஒட்டியிருந்தால் மாமாவிடமிருந்து தள்ளி வைக்க வேண்டும். தள்ளி வைக்க இருந்த ஒரே இடம் பள்ளிக்கூடம். மூன்று நாளாக அந்த வீட்டில் இதே சக்கரம்தான் சுற்றிக்கொண்டிருந்ததாம். நான் பீரோவுக்குள் இருந்துகொள்கிறேன் என்று மகள் சொன்னாளாம். நீ வெளியே இரு, பீரோவுக்குள் நான் போகிறேன் என்றாராம் மாமா. மெக்கானிக் எழுந்து போய் பீரோவைத் திறந்து பார்த்தாராம். அளவெடுத்தாரா என்று நான் கேட்கவில்லை.

4

எங்களுக்குக் கிடைத்தது பிள்ளைகளின் நாற்காலி. உட்கார்ந்தால் முழங்கால் மோவாயை இடிக்கும்.

பேக்கரிக்காரர் ஒரு யோசனை சொன்னார். வீங்கிய பிள்ளைகளை மட்டும் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நல்ல பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டால் நோய் பள்ளியோடு நின்றுவிடும். இதை நாற்பது நிமிடம் விவாதித்தோம். எதிர்த்தவர்கள்கூட, வீங்காத பிள்ளைகளுக்குப் பாடம் விட்டுப்போகுமே என்றுதான் எதிர்த்தார்கள். வருமானவரி ஆலோசகர், ஒரு கன்னம் மட்டும் வீங்கினால் அரைநாள் விடுப்பா முழுநாள் விடுப்பா என்று கேட்டார். வருகைப் பதிவேட்டில் மழைக்கும் தேர்தலுக்கும் குறியீடு இருக்கிறது, வீக்கத்துக்கு இல்லை என்று தலைமையாசிரியை வருத்தப்பட்டார்.

பிறகு லாரி ஓட்டுநர் பேச எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது. அவர் அதைப் பொருட்படுத்தாமல், நாற்காலியோடு நின்றபடியே, பிள்ளைகள் கட்டாயம் பள்ளிக்கு வர வேண்டும் என்பதற்கு நான்கு காரணங்களை எடுத்துச் சொன்னார். முடித்த பிறகுதான் உட்கார முடியவில்லை என்பது தெரிந்தது. மெக்கானிக் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, நாற்காலியின் கைகளைக் கழற்றி அவரை விடுவித்தார். கழற்றிய திருகாணிகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலிருந்தே பேசினார்.

“என் மச்சானுக்குக் கிட்னி மாத்தியிருக்கு. நீங்க அனுப்புங்க, அனுப்பாம இருங்க, அது உங்க இஷ்டம். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். யார் பிள்ளைக்காவது காய்ச்சல், வலின்னு ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன். என் பொண்ணைக் கூட்டிட்டுக் கிளம்பிடறேன், அவ்வளவுதான்.”

ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நான் குறிப்பில் எழுதினேன்: “யாரும் பதிலளிக்கவில்லை.”

பிள்ளைக்கு ஒரு வாக்கு என்று எடுத்ததில் அனுப்பலாம் என்று பதினான்கு, வேண்டாம் என்று பதினான்கு. அடுத்த சனிக்கிழமை மறுபடி கூடுவது என்பது மட்டும் ஒருமனதாக நிறைவேறியது.

5

இந்தப் பகுதியைத் தாண்டி ஆறுக்குப் போய்விட எவ்வளவோ முயன்றேன்.

அன்று காலை பல் துலக்கிக்கொண்டிருந்த என் மகள், “அம்மா, காதுக்குக் கீழ வலிக்குது” என்றாள். தொட்டுப் பார்த்தேன். வீக்கம் இல்லை. நெற்றி சுட்ட மாதிரியும் இருந்தது, சுடாத மாதிரியும் இருந்தது. அரை மாத்திரை கொடுத்தேன். அந்த மாத்திரையின் தாளை மொழிபெயர்த்தவளே நான்தான். ‘காய்ச்சலை வெளியே தெரியாமல் மறைக்கக்கூடும்’ என்பது என் வாக்கியம். ‘மறைத்துவிடக்கூடும்’ என்று போடலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தது நினைவிருக்கிறது.

கூட்டத்துக்குப் போகாமல் இருந்திருக்கலாம். போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். என் கணவர் வெளியூரில் இருந்தார், ஆகவே அவளைத் தனியாக விட

இல்லை. இது காரணம் இல்லை. காரணம் வெட்கம். வீங்கிய பிள்ளையின் அம்மா என்று பெயர் வாங்க எனக்குப் பிடிக்கவில்லை.

மெக்கானிக் கேட்டபோது பேனா என் கையில் இருந்தது. கதவுக் கண்ணாடி வழியாகத் தாழ்வாரம் தெரிந்தது. என் மகளும் அவருடைய மகளும் ஒரே பாட்டிலிலிருந்து மாற்றி மாற்றித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பிரதியில், ‘நான் வாயைத் திறந்தேன்’ என்று எழுதினேன். திறக்கவில்லை. எழுதிக்கொண்டிருக்கிறவளை யாரும் பதில் சொல் என்று கேட்பதில்லை. அந்த வசதிக்காகவே குனிந்து எழுதினேன். ‘யாரும்’ என்ற அந்தச் சொல்லுக்குள் இன்னும் எத்தனை பேர் ஒளிந்திருந்தார்களோ தெரியாது. ஒருத்தியை எனக்குத் தெரியும்.

6

ஞாயிற்றுக்கிழமை காலை என் மகளின் வலது கன்னம் நன்றாக வீங்கியிருந்தது. மெக்கானிக்குக்கு அனுப்ப வேண்டிய செய்தியைப் பதினொரு முறை எழுதி அழித்தேன். கடைசியில் போனது இது: “பாப்பாவுக்கு இன்னைக்குக் காலையில வீங்கிடுச்சு. உடனே உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு.” ‘உடனே’ என்ற சொல்லைக் கவனியுங்கள். என் தொழில் திறமை முழுவதும் அதில் இருக்கிறது.

“சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க” என்று பதில் வந்தது.

ஒட்டியிருந்தால் வெளியே தெரிய மூன்று வாரத்துக்கும் மேலே ஆகலாம் என்றார் மருத்துவர். ஒரு மணி நேரத்துக்குள் மெக்கானிக் தன் மச்சானை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அவர் லிஃப்ட் பொருத்திக்கொண்டிருந்த ஒரு புதுக் கட்டடம். இன்னும் யாரும் குடிவரவில்லை. ஏழாவது மாடியில், பெயின்ட் காய்ந்த ஓர் அறையில் பாயும் மாத்திரைப் பெட்டியுமாக மச்சான் குடியேறினார். லிஃப்டுக்குத் தினமும் சோதனை ஓட்டம் உண்டு. அதற்குப் பாரம் வைக்க வேண்டும். மெக்கானிக் சாப்பாட்டுக் கேரியரை வைத்தார். நடுவில் ஒரு முக்காலியும் அதன்மேல் கேரியருமாக லிஃப்ட் தனியாக மேலே போகும், காலியாகக் கீழே வரும். கீழ் மாடிகளில் வேலை செய்த பெயின்டர்கள் மதியத்தில் வாளியோடு ஒதுங்கி நிற்பார்களாம். “இருங்க, மச்சான் சாப்பாடு போகுது.”

கட்டடத்தில் தண்ணீர் இணைப்பு சரியாக வரவில்லை. தம்பி வாரியத்துக்குப் புகார் செய்தார். எடுத்தது அக்கா. குரல் தெரிந்தும், பக்கத்தில் மேலதிகாரி நின்றதால், புகார் எண்ணைக் கொடுத்துவிட்டு, “நாளைக்கு வந்துடும்” என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. சாயங்காலம் தண்ணீர்க் கேனோடு போய்க் கட்டடத்தின் எதிரே நின்று அழுதாராம். மேலிருந்து தம்பி தொலைபேசியில், ஏழு மாடி தூரத்திலிருந்தே, அழாதே என்று சமாதானம் சொன்னாராம்.

பதினேழாம் நாள் மெக்கானிக்கின் மகளுக்கு இரண்டு கன்னமும் வீங்கியது. தம்பி வீட்டில் இருந்திருந்தால் என்ற வாக்கியத்தை நான் முடிக்கப் போவதில்லை. முப்பதாம் நாள் அவர் இறங்கி வந்தார். இரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. லிஃப்டில் ஏற மாட்டேன் என்று படியில்தான் இறங்கினாராம். ஒரு மாதமாகச் சோறு வந்த இடத்தில் கால் வைக்க மனம் வரவில்லை என்றாராம்.

எங்கள் அடுத்த கூட்டம் இரண்டு முறை தள்ளிப்போனது. மூன்றாம் முறை தேதி குறித்தபோது பெற்றோரில் ஒன்பது பேருக்கும் தலைமையாசிரியைக்கும் வீங்கியிருந்தது.

7

போன வாரம் பள்ளி வாசலில் மெக்கானிக்கின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அத்தனை பேர் இருந்தாங்க. நீங்க ஒருத்தர்தான் சொன்னீங்க. என் தம்பி இன்னைக்கு நடமாடறான்னா அது உங்களாலதான்.”

பிடித்த கையை நான் இழுத்துக்கொள்ளவில்லை. நான் அவர்களைப் பற்றிக் கதை எழுதுவதை என் மகள் அவருடைய மகளிடம் சொல்லியிருக்கிறாள். படிக்க ஆசை என்றார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார்.

முடிவுகள் இரண்டு எழுதினேன். ஒன்றில் அவர் ஐந்தாம் பகுதியைப் படித்துவிட்டு என்னை மன்னிக்கிறார். மற்றதில் தாள்களை மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறார். மறுநாள் பிள்ளைகள் இருவரும் வேறு வேறு வரிசையில் உட்காருகிறார்கள். இரண்டையும் கிழித்தேன். அவருக்கு எவ்வளவு கோபம் வர வேண்டும் என்பதையும் நானே எழுதுவதா?

அதனால் இப்போது இருப்பது இரண்டு பிரதிகள். ஒன்று நீங்கள் படித்தது. இன்னொன்றில் ஐந்தாம் பகுதியும், அதைக் காட்டிக்கொடுக்கும் வரிகளும் இல்லை, பகுதி எண்களையும் மாற்றிவிட்டேன். படித்துப் பார்த்தேன். எங்கும் தடுக்காமல் ஓடுகிறது. இதைவிட அதுதான் நல்ல கதை என்று சொல்ல வாய் கூசுகிறது.

படியில் பேச்சுக்குரல் கேட்கிறது. ஒன்று அவருடையது. இன்னொன்று ஆண் குரல். மெதுவாக ஏறி வருகிற, மூச்சு வாங்குகிற குரல். தம்பியையும் அழைத்து வந்திருக்கிறார். அவனும் படிக்கணுமாம், இன்னொரு பிரதி இருக்கா என்று பாதிப் படியிலிருந்தே கேட்கிறார்.

இருக்கிறது. இரண்டும் மேசைமேல்தான் இருக்கின்றன. நான் போய்க் கதவைத் திறக்கிறேன். மேசைப் பக்கம் நிற்பது நீங்கள்தான்.