ஒன்று விட்டு ஒன்று

ஒரு நாற்றைக்கூட வீணாக்க மாட்டேன் என்று லெட்சுமி ஒற்றைக் காலில் நின்றாள். அங்கேதான் வம்பு ஆரம்பித்தது.

காப்பார் ஊரில் எண்ணெய்ச் செம்பனையை வெட்டிவிட்டுச் சும்மா கிடந்த கால் ஏக்கரை, "ஒரு போகம் போட்டுப் பாரு" என்று அண்ணன் பரமேஸ்வரன் கொடுத்திருந்தார். மழைக்குப் பிளாஸ்டிக் கூரை, கீழே ஆறு பாத்தி, பாத்திக்கு ஒரு சொட்டுநீர்க் குழாய். குழாயில் இரண்டடிக்கு ஒரு துளை, மொத்தம் நூற்றெண்பது. தட்டில் முளைத்த முலாம்பழ நாற்றோ முந்நூற்றைம்பது. முளைத்து நிற்பதைத் தூக்கி எறிய லெட்சுமிக்கு மனசு வரவில்லை. துளைக்கு ஒன்று, இரண்டு துளைக்கு நடுவே ஒன்று என்று அத்தனையையும் நட்டுவிட்டாள்.

நடுவில் நின்றவற்றுக்குக் குழாய்த் தண்ணீர் சரியாக எட்டவில்லை. அதனால் என்ன, பூவாளி எதற்கு இருக்கிறது? காலையும் மாலையும் அவற்றின் தலையில் ஊற்றினாள். மூன்றாவது வாரம் கொடிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. இலைகளில் மஞ்சள் புள்ளிகள் விழுந்தன.

சுங்கை வேயில் ஒரு மின்பொருள் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள் லெட்சுமி. போன வருடம் ஆட்குறைப்பு என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது அதே இடத்துக்கு, அதே வேலைக்கு, பாதிச் சம்பளத்தில் ஒப்பந்த ஆளாக வரச் சொல்லி ஏஜென்ட் விமலன் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். "ஆகஸ்டு வரைக்கும் பாக்குறேன் ஆன்டி, அப்புறம் வேற ஆளப் போட்டுருவேன்" என்று கெடு வேறு. இந்தப் போகம் கைகொடுக்காவிட்டால் தலையைக் குனிந்துகொண்டு அங்கே போய் நிற்க வேண்டியதுதான்.

குழாய் விற்ற கிள்ளான் கடைக்கார ராசிக்குக்கு போன் போட்டாள். லோரியை ஓரங்கட்டிவிட்டு உள்ளே வந்தவன் மூக்கின்மேல் விரலை வைத்தான்.

"யா அல்லா! என்னக்கா இது, பாசார் மாலாம் ராத்திரிச் சந்தைக் கூட்டம் மாதிரி! நான் கொடுத்த குழாயிலயே அளவு இருக்குல்ல? ஓட்டை இருக்குற எடத்துல மட்டும் நட்டா போதும் லா."

"எல்லாம் நல்லாத்தானே மொளைச்சிச்சு தம்பி."

"நல்லா மொளைச்சதுதான், யாரு இல்லேன்னா? காத்துப் போக வழி இல்ல. நீங்க வேற எலை மேல ஊத்துறீங்க, ஈரம் காயவே மாட்டேங்குது. ஒண்ணு விட்டு ஒண்ணு பிடுங்கிருங்க. இன்னைக்கே!"

ஒன்று விட்டு ஒன்று. லெட்சுமி அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குத் தொழிற்சாலையிலும் இதைத்தான் செய்தார்கள். வரிசையில் இருபத்து நான்கு பேர். ஒருவர் விட்டு ஒருவருக்கு ஆட்குறைப்புக் கடிதம். அவளுக்கு வந்தது, பக்கத்து மெஷின் பவுனம்மாளுக்கு வரவில்லை. வேலை தெரியாதவள் என்று யாரும் சொல்லவில்லை. நின்ற இடம் அப்படி. தப்பித்த பவுனம்மாள் இப்போது இரண்டு மெஷினை ஒற்றை ஆளாக ஓட்டி, வலிக்கும் மணிக்கட்டில் பட்டையைச் சுற்றிக்கொண்டு திரிகிறாள்.

"பிடுங்க மாட்டேன்" என்றாள் லெட்சுமி. ராசிக் வாயைத் திறப்பதற்குள், "மண்ணோட எடுத்து வேற எடத்துல வைக்கிறேன். உங்க கடையில பாலிபேக் இருக்கா?" என்றாள்.

"முலாம் கொடிக்கு வேரத் தொட்டா ஆகாதுக்கா. முக்காவாசி செத்துரும்."

"கால்வாசி பொழைக்கும்ல?"

ராசிக் தலையில் அடித்துக்கொண்டான். ஆனால் மறுநாள் காலையில் பைகளோடும் ஒரு சுருள் பழைய குழாயோடும் வந்து நின்றான். எண்ணெய் டின்னின் இரு பக்கமும் வெட்டி, செடியைச் சுற்றி மண்ணில் இறக்கி, வேர் கலையாமல் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பையில் வைத்தார்கள். பைகளைக் கூரையின் ஓரமாக வரிசையாக அடுக்கி, மேலே நிழல்வலை கட்டி, பைக்கு ஒரு சொட்டுக்குழாய் செருகினார்கள். பூவாளியை லெட்சுமி கவிழ்த்துப் போட்டாள்.

நூற்றெழுபதை மாற்றினாள், நாற்பத்திரண்டு பிழைத்தன. வாடிப் போனவற்றைப் பார்த்து அழவும் செய்தாள். பாத்தியில் நின்றவையோ காற்றும் வெயிலும் கண்டு புதுக்கொடி விட்டன. கொடிக்கு ஒரு காய் மட்டும் நிறுத்தினாள். பழுப்பதற்குப் பத்து நாள் முன்பு தண்ணீரையும் குறைத்தாள். அப்போதுதான் இனிப்பு ஏறும்.

ஆகஸ்டில் பாத்திப் பழங்கள் லோரி ஏறின. பங்சாரில் பழம் வாங்கிய கடைக்காரர் இன்னும் வேண்டும் என்று கேட்டனுப்பினார். பைகளில் இருந்தவை ஒரு வாரம் பிந்தின; காயும் சற்றுச் சிறிசுதான். அதில் முதல் பழத்தை லெட்சுமியே அறுத்தாள். ஒரு துண்டை வாயில் போட்ட ராசிக் இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினான்.

"பாத்தியில உள்ளதவிட இதுதான்கா இனிப்பு" என்றான்.

லெட்சுமி தனக்கும் ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. விமலன்தான்.

"ஆன்டி, என்ன முடிவு பண்ணீங்க?"

"நான் வரல விமலன்." பழத்தின் சாறு முழங்கை வரை வழிந்தது. அவள் துடைக்கவில்லை. "ஆனா அடுத்த போகத்துக்கு இங்க எனக்கு ஒரு ஆள் வேணும். நீ தொழிற்சாலைக்குப் போறப்ப பவுனம்மாகிட்ட சொல்றியா? இங்க ரெண்டு ஆள் வேலைய ஒரு ஆள் செய்ய வேண்டாம்னு சொல்லு."