ஆறாம் கட்டிலின் ஐந்து மதிப்பெண்

மணி அடித்ததும் அவள் வயிற்றின் வலப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு முனகத் தொடங்கினாள். ஏழு நிமிடம். அடுத்த மணிக்கு முனகலை நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடியும் படுத்தாள். காலையிலிருந்து இருபத்திரண்டு மாணவர்கள். மற்ற நாட்களில் ஆஸ்பத்திரி சலவை அறையில் போர்வை மடிப்பவள்; மருத்துவ மாணவர்களின் செய்முறைத் தேர்வு வந்தால் ஆறாம் கட்டிலில் குடல்வால் நோயாளியாக நடிப்பவள்.

இந்த வருடம் அவளுக்கும் ஒரு மதிப்பெண் தாள் கொடுத்திருந்தார்கள். 'இந்த மருத்துவரிடம் மறுபடியும் வருவீர்களா?' ஐந்துக்கு எத்தனை என்று எழுத வேண்டும். நேற்றெல்லாம் அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

"என் மார்க்கும் சேருமாம்ங்க!" என்றாள் கணவனிடம்.

"எனக்கு இருபது வருஷமா போட்டுட்டுத்தானே இருக்கே," என்றான் லிஃப்ட் ஓட்டும் அவன். "ஒரு தடவையாவது பாஸ் போட்டியா?"

இருபத்திமூன்றாவதாக வந்த பெண் மஞ்சள் அட்டை குத்தியிருந்தாள். மூன்றாவது தடவை எழுதுகிறவள் என்று அதற்கு அர்த்தம். இன்று தவறினால் படிப்பே போய்விடும். 'கவலைப்படாதீங்கம்மா' என்பதற்கு ஒரு மதிப்பெண் உண்டு. மற்றவர்கள் அதை, பக்கத்தில் பட்டியலோடு உட்கார்ந்து மதிப்பெண் போடும் டாக்டரைப் பார்த்தபடியே சொன்னார்கள். இவள் சொல்லவில்லை. உள்ளங்கைகளைச் சூடு வரத் தேய்த்துக்கொண்டு வயிற்றைத் தொட்டாள். லேசாக அழுத்தியவள் சட்டென்று நிறுத்தினாள்.

"நெஜமாவே வலிக்குதா?"

நோயாளிக்கு வசனம் மறந்துபோனது. "காலைலேருந்து அமுக்கி அமுக்கி... புண்ணாட்டம் இருக்கு கண்ணு."

"அப்ப இன்னும் அமுக்க வேணாம்." முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தாள். மணி அடித்தது.

டாக்டரின் பட்டியலில் 'ஆழமாக அழுத்திப் பார்த்தார்', 'ஆறுதல் சொன்னார்' இரண்டும் காலியாக நின்றன. அடியில் ஐந்துக்கு இரண்டு என்று எழுதினார். நோயாளி தன் தாளில் பெரிதாக ஐந்து போட்டாள்.

இடைவேளையில் வராந்தாவுக்கு ஓடினாள். "பாப்பா! அஞ்சுக்கு அஞ்சு போட்டிருக்கேன்! பாஸ்தான் போ!"

அந்தப் பெண் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது குமாஸ்தா தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒன்று மட்டும் தனியே கிடந்தது.

"இது சேராதும்மா. டாக்டர் ரெண்டு, நீங்க அஞ்சு. இவ்வளவு வித்தியாசம் வந்தா நோயாளி மார்க்கை எடுத்துடணும். சேர்ந்திருந்தா தேறியிருப்பா."

"அப்ப என்னை எதுக்குக் கேட்டீங்க?"

"டாக்டரோட ஒத்துப்போனா சேருமே!"

அவள் டாக்டரிடம் திரும்பினாள். "சார், கையைச் சூடு பண்ணிட்டுத் தொட்டுச்சு சார் அந்தப் பொண்ணு!"

டாக்டர் பட்டியலை மேலிருந்து கீழாக விரலால் தேடினார். "அதுக்கு இங்க கட்டம் இல்லையேம்மா," என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார்.

வராந்தாவிலிருந்து அந்தப் பெண் போன் பேசும் குரல் துள்ளிக்கொண்டு வந்தது: "பாஸ்தாம்மா! நோயாளியே சொன்னாங்க!"

மணி அடித்தது. இருபத்திநான்காவது மாணவன் கழுவிய கை ஈரம் சொட்ட உள்ளே வந்தான். அவள் படுத்து, மேல்சட்டையை விலக்கினாள். வலப்பக்கத்தில் விரல் தடங்கள் சிவந்து கிடந்தன.