நீலத்துக்குப் பேர்போனவர்

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு ஒளிப்பதிவாளரின் வலது கண் கட்டைப் பிரித்தார்கள். அவர் முதலில் பார்த்தது எதிர்ச் சுவரை. வெள்ளைச் சுவர். இப்படியொரு வெள்ளையைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. வலது கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் கத்தி வைக்காத இடது கண்ணால் பார்த்தார். அதே சுவர் பழைய செய்தித்தாள் நிறத்தில் இருந்தது. மாற்றினார். வெள்ளை. மறுபடி மாற்றினார். மஞ்சள்.

"கண்புரை முத்தினா அப்படித்தான்," என்றார் டாக்டர். "டீத்தண்ணி வழியா உலகத்தைப் பாக்கற மாதிரி. எல்லாம் மஞ்சளாயிடும், நீலம் பாதிதான் தெரியும். மெதுவா வர்றதால நமக்கே தெரியாது. நீங்க என்ன வேலைன்னு சொன்னீங்க?"

ஒளிப்பதிவாளர் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

விஷயம் இதுதான். அவர் பேர் வாங்கியதே நீலத்துக்காக.

பிழைக்க வந்த நாட்டில் முதலில் ஸ்டுடியோவில் கேபிள் சுருட்டினார். பிறகு விளம்பரம். தக்காளி மேல் தண்ணீர் தெளித்துத் தெளித்து, மெத்தைமேல் குழந்தைகளைக் குதிக்கவிட்டு, தலையில் பாதி முடி போய்விட்டது. ஐம்பதைத் தாண்டியபின் ஒரு சின்னப் படம் கிடைத்தது. வீட்டைப் பங்கு பிரிக்கும் இரண்டு சகோதரிகளின் கதை. திரையில் வீடும் சகோதரிகளும் நீலமாக இருந்தார்கள். ஒரு விமர்சகர், இது நிறம் இல்லை, மண்ணை விட்டு வந்தவனின் குளிர் என்று எழுதினார். இன்னொருவர் அதையே வேறு வார்த்தையில் எழுதினார். மூன்றாமவர் படம் பார்க்கவில்லை, ஆகவே விரிவாக எழுதினார். பரிசு வந்தது. படத்துக்குப் படம் நீலம் கூடிக்கொண்டே போயிற்று. துயரம் முதிர்கிறது என்றார்கள். முதிர்ந்தது எது என்று இப்போதுதான் தெரிகிறது.

உண்மையைச் சொன்னால் அவருக்குத் துயரம் என்று எதுவும் இல்லை. கிளம்பி வந்த அன்று விமானத்தில் நன்றாகத் தூங்கினார். விட்டு வந்த இடத்தை நினைத்தால் பஸ் நெரிசலும், குளிக்கும்போது தண்ணீரை நிறுத்திவிடும் வீட்டுக்காரரும்தான் ஞாபகம் வருவார்கள். இங்கே குழாயைத் திருகினால் வெந்நீர் வந்தது. ஆனால் படித்தவர்கள் பலர் கூடி நீ சோகமாக இருக்கிறாய் என்று சொல்லும்போது, இல்லை, நான் சௌக்கியம் என்பது மரியாதை இல்லை. புகைப்படம் எடுத்தால் முகவாயில் கைவைத்து ஜன்னலைப் பார்க்கப் பழகினார். திரைப்படக் கல்லூரியில் பேசக் கூப்பிட்டபோது, நீலம்தான் என் தாய்மொழி என்றார். மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

மனைவி மட்டும் மசியவில்லை. முதல் படம் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் சொன்னாள்.

"படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏன் எல்லாரும் கெணத்துல விழுந்து மறுநாள் எடுத்த மாதிரி இருக்காங்க?"

உனக்கு ரசனை போதாது என்றார். அதன்பின் ஒவ்வொரு படம் வெளிவரும்போதும், செருப்பை மாட்டிக்கொண்டே, இதுலயும் கெணறுதானா என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புவாள்.

இப்போது பாதியில் நிற்கும் படத்துக்குக் காப்பீட்டுக்காரர்கள் உடல் பரிசோதனை கேட்டார்கள். அங்கேதான் கண் மாட்டியது. படப்பிடிப்பு இடைவெளியில் வலது கண், இரண்டு வாரம் கழித்து இடது கண் என்று ஏற்பாடு.

கட்டைப் பிரித்த மறுநாள் அவர் வண்ணம் சரிசெய்யும் அறைக்குப் போனார். அங்கே இருந்தவர் முதல் படத்திலிருந்து கூட இருப்பவர். அவரும் பிழைக்க வந்தவர்தான், வேறு நாட்டிலிருந்து. எல்லோருக்கும் அவர் கலர்க்காரர். எடுத்தவரைக்கும் போட்டுக் காட்டினார். ஒளிப்பதிவாளர் புதுக் கண்ணால் பார்த்தார். கதாநாயகி கிணற்றிலிருந்து எடுத்தவளேதான். சமையலறை நீலம். பால் நீலம். பூனைகூட நீலம்.

இவ்வளவு நீலமாக இருக்கிறதென்று ஏன் சொல்லவில்லை என்று பாய்ந்தார்.

"இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு நீங்கதானே சொன்னீங்க," என்றார் கலர்க்காரர். "உங்க சோகம், நீங்க ஊத்தறீங்கன்னு இருந்துட்டேன்."

நீலத்தை இறக்கச் சொன்னார். கதாநாயகியின் கன்னத்தில் ரத்தம் ஓடத் தொடங்கியது. பூனை பூனையாயிற்று. அந்த நேரம் பார்த்து இயக்குநர் உள்ளே வந்தாள். சின்னப் பெண். அன்று கல்லூரியில் தாய்மொழியை எழுதிக்கொண்டவர்களில் ஒருத்தி. திரையை வெகுநேரம் பார்த்தாள்.

"சார், வீட்ல ஏதாவது நல்லது நடந்துச்சா?"

அவர் கலர்க்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க சந்தோஷமா இருந்தா எனக்கும் சந்தோஷம்தான். படம் முடியற வரைக்கும் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமான்னுதான் கேக்கறேன்."

தயாரிப்பாளர் அந்த நீலத்தை நம்பித்தான் இறங்கினார் என்றாள். அடுத்த மூன்று படத்துக்கும் இவரையே போடப் பேச்சு நடக்கிறதாம். நீலம் இல்லையென்றால் வேறு ஆள் பார்க்க வேண்டிவரும் என்பதைச் சொல்லாமல் சொன்னாள்.

பழைய அளவுகளை அப்படியே போட்டுப் பார்த்தார்கள். பழைய காட்சிகளுக்குப் பொருந்தியது. இடைவெளிக்கு முன் கடைசியாக எடுத்தவற்றில் வெளிச்சம் வேறு, ஒட்டவில்லை. அவற்றுக்கு நீலத்தைப் புதிதாகக் கூட்டலாம் என்றால் புதுக் கண் பாதியிலேயே போதும் போதும் என்று கத்தியது. கடைசியில் அவர் உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு திரையை நோக்கிக் குனிந்தார்.

"இன்னும் கொஞ்சம்," என்றார். "இன்னும் கொஞ்சம்."

கன்னத்து ரத்தம் வடிந்தது. பால் நீலமாயிற்று. இயக்குநர் பின்னால் நின்று அவர் கண்ணைப் பொத்தியதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரமே ஒரு நிருபரிடம், அவருக்கு ஒரு கண் இங்கே, மற்றது விட்டு வந்த மண்ணில் என்று சொல்லிவிட்டாள். அது அவர் புகைப்படத்தோடு அச்சில் வந்தது. படப்பிடிப்புத் தளத்தில் உதவியாளர்கள்கூட ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு காட்சி பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருவன் கேமரா வண்டியில் இடித்துக்கொண்டான்.

இரண்டாவது கண்ணுக்குக் குறித்த நாளன்று அவர் இருமல் என்று சொல்லி ஒத்திப்போட்டார். அடுத்த முறையும் இருமல். டாக்டர் நேரில் கூப்பிட்டுக் கண்டித்தார். புரை கல்லாக இறுகிவிட்டால் எடுப்பது கஷ்டம், கண்ணில் அழுத்தம் ஏறினால் பார்வையே போகலாம் என்றார். ஒளிப்பதிவாளர் பயந்தார். பயந்தபடியே போய்ப் புதுப்படம் மூன்றுக்கும் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் புதுக் கண் அவரைச் சும்மா விடவில்லை. பழுப்பு என்று நினைத்திருந்த திரைச்சீலை ஊதாவாக இருந்தது. கறுப்பு என்று வாங்கிய சட்டையெல்லாம் கருநீலம். மனைவிக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. கட்டைப் பிரித்த அன்றே அவள் எதிரில் நின்று, நான் எப்படி இருக்கேன் என்று கேட்டிருந்தாள். தெளிவா இருக்கே என்றார். அது ஒரு பதிலா என்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு எழும் நேரத்தில் போன் அடித்தது. மனைவி எடுத்தாள். கண் ஆஸ்பத்திரி. ஆமா, இருக்கார், இருமல் எல்லாம் ஒண்ணும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் சைகையால் வேண்டாம் என்றார். அவள் போனை மார்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"வர்ற வியாழக்கிழமை இடம் இருக்காம். இதை விட்டா ரெண்டு மாசம் ஆகுமாம். என்ன சொல்லட்டும்?"

நல்ல சாக்கு ஒன்று சொல்லலாம் என்று நிமிர்ந்தார். ஜன்னல் வெளிச்சம் அவள் மேல் விழுந்திருந்தது. கை பழக்கத்தில் தானாக எழுந்து வலது கண்ணைப் பொத்தியது. இடது கண்ணில் அவள் பொன்னாக நின்றாள். நரைகூடப் பொன். முகத்தில் ஒரு கோடு இல்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவள் போனை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"வியாழக்கிழமையை விடுங்க. என்னைப் பாக்கறதுக்கு ஏன் அந்தக் கண்ணை மூடறீங்க?"