வானவில் அலமாரி

மைக் அக்கா என்றால் அந்த நூலகத்துக்கு வருகிற அத்தனை பேருக்கும் தெரியும். நூலகத்தின் மேலாளர் அவர். 'அமைதி காக்கவும்' என்று பலகை தொங்குகிற இடத்தில் அவர் ரகசியம் பேசினாலே மாடிப்படி வரைக்கும் கேட்கும். வாசகர்கள் வைத்த பெயர் அது. அவரைச் சரியாகத் தெரியாத கூட்டம் ஒன்றே ஒன்றுதான். அவருக்குச் சம்பளம் கொடுக்கிற நிர்வாகக் குழு!

அந்தக் குழு திடீரென்று ஒரு முடிவெடுத்தது. நகரத்தின் இரண்டு நூலகங்களுக்கும் இனி ஒரே மேலாளர். மைக் அக்கா ஒரு பக்கம், இன்னொரு நூலகத்தின் மேலாளர் ஒரு பக்கம். அந்த மனிதர் புத்தகத்தைத் திறந்தாலும் படம் எடுப்பார், மூடினாலும் படம் எடுப்பார், எடுத்ததை உடனே இணையத்தில் ஏற்றுவார். ஃபோட்டோக்காரர் என்றுதான் அவரைச் சொல்வார்கள். தேர்வாகிறவர் மேலே, மற்றவர் அவருக்குக் கீழே உதவியாளர்.

"உசிரைக் குடுத்து வேலை பாக்கற, ஆனா நீ யாருன்னு வெளியில ஒருத்தருக்கும் தெரியலம்மா. அவரு தும்மினாக்கூட ஊரே கைதட்டுது" என்றாள் மகள்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. மகள் சொன்னதில் பொய்யில்லையே. அந்தப் பதவி அவருக்கு வேண்டும். வெட்கமில்லாமல் வேண்டும். இத்தனை வருஷம் கட்டிக் காத்த இடத்தில் இன்னொருவரிடம் கைகட்டி நிற்பதை நினைத்தாலே வயிறு எரிந்தது.

குழு ஒரு பயிற்சியாளரை அனுப்பிவைத்தது. நேரத்தை எப்படிச் செலவழிப்பது, தன்னை எப்படி நாலு பேருக்குத் தெரிய வைப்பது என்று சொல்லிக்கொடுப்பவர். ஆள் கெட்டிக்காரர், சும்மா சொல்லக் கூடாது. மின்னஞ்சலை ஓயாமல் திறந்து பார்க்கிற பழக்கத்தை அவர் விடச் சொன்னார். விட்டதும் அக்காவுக்குப் பாதித் தலைவலி போயிற்று. அதனால்தான் மற்றதையும் நம்பித் தொலைத்தார்.

தினமும் காலையில், திரும்பி வந்த புத்தகங்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி, அக்காவே அலமாரி அலமாரியாக அடுக்கிக்கொண்டு போவார். பயிற்சியாளருக்கு அதுதான் கண்ணில் குத்தியது.

"மேடம், வண்டி தள்றது மேலாளர் செய்யற வேலையா? உங்க காலை நேரமெல்லாம் இதுலயே போகுதே."

"தள்ளும்போதுதான் சார் நாலு பேர் வந்து என்ன வேணும்னு கேக்கறாங்க."

"அதுக்கு ஒரு பெட்டி வைங்க, எழுதிப் போடட்டும். காலையில நீங்க கதவைச் சாத்திக்கிட்டு முக்கியமான வேலைய மட்டும் பாருங்க. யார் தட்டினாலும் திறக்காதீங்க."

அக்கா கதவைச் சாத்திக்கொண்டார். முக்கியமான வேலை என்ன? தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவது. மறுநாள் குழுத் தலைவர் வந்து அவரை வீடியோ எடுக்கப் போகிறார், அதைப் பார்த்துத்தான் குழு முடிவெடுக்கும். அக்கா பேனாவைக் கடித்துக்கொண்டு, "நான் அறிவின் வாசல்" என்று எழுதி, கூச்சத்தில் அடித்து, மறுபடி எழுதிக்கொண்டிருந்தார். வெளியே ஏதோ உருட்டுகிற சத்தம் கேட்டது. யாரோ கதவையும் தட்டினார்கள். திறக்கவில்லை. திட்டம் திட்டம்தானே!

மறுநாள் காலையில் கூடத்துக்குள் நுழைந்தவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சுவர் முழுக்க நிற்கிற பெரிய அலமாரியில் மருத்துவமும் சட்டமும் பொறியியலும் கலந்துகட்டி, நிறம் பார்த்து அடுக்கப்பட்டிருந்தன. மேல்தட்டில் சிவப்பு, அடுத்து மஞ்சள், பச்சை, நீலம். முன்னால் நாற்காலி, விளக்கு, கேமரா. பக்கத்தில் குழுத் தலைவர் பூரித்துப்போய் நின்றார்.

"எப்படி மேடம்? நேத்து ஆரம்பிச்சு ராத்திரியோட ராத்திரியா அடுக்க வெச்சேன். உங்களுக்குப் பின்னால ஒரு வானவில்!" என்றார் பயிற்சியாளர்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மருத்துவமனையில் தற்காலிக வேலை பார்க்கும் செவிலியர்ப் பெண்.

"அக்கா, அந்த மருந்துப் புத்தகம் எங்கக்கா? நாளைக்குப் பரீட்சை. இதுல பாஸானாத்தான் என்னை நிரந்தரமாக்குவாங்க. இப்ப டியூட்டிக்கு வேற போகணும். நேத்து உங்க கதவையும் தட்டினேன், நீங்க திறக்கல."

பளாரென்று அறைந்தது போலிருந்தது அக்காவுக்கு. அந்தப் புத்தகம் ஒரே ஒரு பிரதிதான்.

"நிறத்தைச் சொல்லுங்க, உடனே எடுத்துடலாம்" என்றார் பயிற்சியாளர்.

"நிறமா?" என்றார் அக்கா. "போன மாசம்தான் பைண்டிங் போய் வந்துச்சு. நிறத்தை யாருங்க பாத்தா? முதுகுல இருக்கற எண்ணைத்தான் நாங்க பாப்போம். எண் வரிசையில இல்லாத புத்தகம் இந்தக் கட்டடத்துல இருந்தும் இல்லாத மாதிரிதான்!"

"சரிம்மா, வீடியோ முடியட்டும், அப்புறம் தேடலாம்" என்றார் தலைவர். "எனக்கு அடுத்த கூட்டம் இருக்கு. குழு இன்னிக்கே முடிவு பண்ணுது. உங்க வீடியோ இல்லைன்னா உங்க பேரை நான் எப்படிச் சொல்றது?"

அக்கா நாற்காலியைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார். உட்கார்ந்து சிரித்துவிட்டு எழுந்தால் பதவி அநேகமாகக் கைக்கு வந்துவிடும். அந்தப் பெண் அதற்குள் போய்விடுவாள்.

நாற்காலியை இழுத்து அலமாரிக்குப் பக்கத்தில் போட்டு, புடவையைச் செருகிக்கொண்டு அதன்மேல் ஏறினார்.

"பேரைச் சொல்லாதீங்க சார்! கையை நீட்டுங்க, புடிங்க!" என்று சிவப்புப் புத்தகங்களைத் தலைவரின் கையிலேயே இறக்கினார். "நீங்களும்தான், வாங்க" என்று பயிற்சியாளரையும் அழைத்தார். வாசித்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் சொல்லாமலே எழுந்து வந்தார்கள். மேசைகள்மேல் மருத்துவம் ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம் என்று வானவில் துண்டு துண்டாக இறங்கியது. கடைசியில் பச்சைத் தட்டின் மூலையில், கட்டட வரைபடப் புத்தகத்துக்கும் விவாகரத்துச் சட்டத்துக்கும் நடுவே, அது அகப்பட்டது. அந்தப் பெண் அதை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

தலைவர் சட்டையிலிருந்த தூசியைத் தட்டினார். "உங்களுக்குக் குடுத்த நேரம் போச்சும்மா."

"நல்ல வேலைக்குத்தான் போச்சு" என்றார் அக்கா.

சாயங்காலம் செய்தி வந்தது. பதவி ஃபோட்டோக்காரருக்கு.

"தோத்துட்டியேம்மா" என்று மகள் கண் கலங்கினாள்.

"ஆமா, தோத்துட்டேன். வலிக்குது. ஆனா நாளைக்கும் அதையேதான் பண்ணுவேன்" என்றார் அக்கா. அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் உதவியாளராக அவர் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, புதிய மேலாளர் கேமராவோடு வந்தார். மறுபடி எண் வரிசைக்கு வந்திருந்த மருத்துவத் தட்டிலிருந்து ஒரு நீல அட்டைப் புத்தகத்தை உருவி, மார்போடு அணைத்துப் படம் எடுத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த சட்டத் தட்டில் செருகிவிட்டு நகர்ந்தார்.

"சார்!"

கூடமே நிமிர்ந்து பார்த்தது. அக்கா வண்டியை அவர் வழியில் குறுக்கே நிறுத்தினார்.

"என்னம்மா, நான்தான் இங்க மேலாளர்னு சொல்லலையா?"

"சொன்னாங்க சார். வணக்கம். அந்தப் புத்தகத்தை எடுத்த இடத்துல வைங்க."

அவர் சிரித்துப் பார்த்தார். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை. வண்டியும் நகரவில்லை. கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, திரும்பிப் போய், முதுகு எண்ணை ஒவ்வொன்றாகப் படித்துத் தேடி, குனிந்து, உரிய இடத்தில் அதை வைத்தார் மேலாளர்.