குதிரை வெருண்டது

பட்ட காலிலேதான் படும். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் வைத்திருந்த கார் கராஜை இழுத்து மூடிய பிறகு பிரதாபனுக்கு வாய்த்தது ஒரேயொரு வேலை. லண்டனின் கிழக்கு எல்லையில் இருந்த பண்ணை மியூசியத்தில், விக்டோரியா காலத்துக் குதிரை அறுவடை இயந்திரத்தை ஓட வைக்க வேண்டும். சனிக்கிழமை சனங்களுக்கு முன்னால் அது கோதுமை வெட்டினால் வேலை நிரந்தரம் என்று மனேஜர் ஹெலன் சொல்லியிருந்தாள்.

அதற்கு எஞ்சின் கிடையாது. குதிரை இழுக்கும், சக்கரம் உருளும், சக்கரம் கத்திகளை ஓட்டும். நிறுத்தினால் லீவரைத் தூக்கிக் கத்தியைச் சக்கரத்தின் பிடியிலிருந்து கழற்றிவிட வேண்டும்; இல்லாவிட்டால் குதிரை அசைந்தாலே கத்தி ஓடும். பிரதாபனுக்கு இது தெரியாததல்ல. ஆனால் காலமெல்லாம் கார்களோடு மாரடித்த புத்தி, சத்தம் இல்லையென்றால் ஆபத்தும் இல்லை என்றே நம்பியது.

சனிக்கிழமை காலை குதிரையைப் பூட்டி, கொஞ்சத் தூரம் ஓட்டிப் பார்த்து நிறுத்தினான். லீவரைத் தூக்க மறந்தான்.

மனைவி கௌசி தேங்காயும் எலுமிச்சங்காயுமாக வந்து நின்றாள்.

"கார் வாங்கினாலே தேசிக்காய் வைக்கிறம். இதுக்கு வைக்காமல் விடுறதே?"

அவளுடைய தம்பி யனுஷன் குனிந்து சக்கரத்தடியில் தேசிக்காயை வைத்தான். மற்றக் கையைக் கத்திகளின் மேல் ஊன்றியிருந்தான். அந்நேரம் பார்த்துக் கௌசி தேங்காயைக் கல்லில் ஓங்கி அடித்தாள். குதிரைக்குச் சாத்திரம் தெரியுமா, சம்பிரதாயம் தெரியுமா? வெருண்டு ஓரடி பாய்ந்தது. யனுஷனின் மூன்று விரல்கள் புல்லில் விழுந்தன.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவன் பிரதாபனைக் கிட்ட வரச் சொன்னான்.

"அத்தான், குதிரை வெருண்டதெண்டு மட்டும்தான் ஹெலனுக்குச் சொல்லப்போறன். லீவரைப் பற்றி நீங்களும் கதைக்காதேங்கோ."

"பிழை என்ரதடா."

"வேலை போனால் அக்கா என்ன செய்வா?"

இல்லையென்று சொல்லப் பிரதாபனின் நெஞ்சு அடித்துக்கொண்டது. வாயில் வந்ததோ "ஓம்". அந்த ஓமுக்காகத் தன் முகத்திலேயே காறித் துப்பலாம் போலிருந்தது அவனுக்கு.

விசாரணை முடிந்ததும் ஹெலன் கூப்பிட்டாள். பழியெல்லாம் குதிரையின் தலையில் விழுந்தது, அதை விற்றுவிட்டார்கள். லீவர் விழுந்ததும் குதிரை பாய்ந்த அதிர்வில்தானாம்; மற்றபடி இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லையாம். அது ஓடுவது தெரிந்துவிட்டதால் வேலை நிரந்தரம் என்று கை குலுக்கினாள்.

விசாரணைக்காக யாரும் தொடாமல் வைத்திருந்த கத்திகளைக் கழுவுவதுதான் முதல் வேலை. பிரதாபன் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனான்.