ஒரே துண்டில் வெட்டிய இரண்டு ஒட்டு

டாக்டர் செங்கல்வராயன் ஒட்டுப் போட்ட இதயங்கள் ஜோடி ஜோடியாகத் துடிக்கின்றன. ஆம்பூரில் ஒருவர் மாடி ஏறினால் கலவை என்ற ஊரில் சும்மா உட்கார்ந்திருக்கும் இன்னொருவருக்கு மூச்சு வாங்கும். டாக்டருடைய அப்பா ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை பார்த்தவர். இடதுகாலும் வலதுகாலும் ஒரே தோலில் அடுத்தடுத்து வெட்டப்பட வேண்டும், இல்லாவிட்டால் நிறம் மாறிவிடும். இந்தப் பாடத்தை மகன் வேலூர் ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோனார். இதய ஓட்டையை அடைக்கும் துண்டும் மாட்டு இதயத்தின் உறையைப் பதப்படுத்திச் செய்ததுதானே. அதை இரண்டாக வெட்டி, காலையில் ஒருவருக்கும் மதியம் ஒருவருக்கும் தைத்தார். மிச்சம் பிடிக்கிறார் என்று சந்தேகப்பட்டு விசாரணை வைத்தார்கள். "ஒரே துண்டுல வெட்டுனாத்தான் ரெண்டும் கடைசி வரைக்கும் ஒண்ணா ஒழைக்கும்" என்றார். இந்தப் பக்கத்தில் முதன்முதலாக இதயத்தைத் திறந்தவரிடம் அதற்குமேல் யார் கேட்பது? விட்டுவிட்டார்கள். முப்பது வருஷத்தில் ஆயிரத்துச் சொச்சம் ஜோடிகளைத் தைத்துவிட்டு, போன வருஷத்துக்கு முந்தின வருஷம் செத்துப்போனார்.

குடியாத்தத்தில் லுங்கி தறி ஓட்டும் பிரேம்நாத்தின் மனைவி ஜோதி, பதினோரு வயதில் அவரிடம் ஒட்டுப் போட்டுக்கொண்டவள். வீட்டிலிருந்தபடியே ஷூவுக்கு மேல்பாகம் தைப்பவள். பிரேம்நாத் சந்தேகப் பேர்வழி, அதில் அவனுக்கே சந்தேகமில்லை. கொரோனாவில் வாங்கிய ஆக்ஸிமீட்டரை அவள் விரலில் மாட்டச் சொல்லி, தறிக்கூடத்திலிருந்து வீடியோ கால் போடுவான். சித்திரையிலிருந்து தினமும் நாலு மணிக்கு, எழுபத்திரண்டாக இருந்த நாடித்துடிப்பு நூற்றுமுப்பது ஆனது. வெள்ளிக்கிழமை மட்டும் ஒன்றுமில்லை. ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் விசாரணை ஆரம்பமாகும்.

"நாலு மணிக்கு யார நெனச்சிக்கினு இருந்த?"

"பூண்டு உரிச்சிக்கினு இருந்தேன். பூண்டத்தான் நெனச்சேன்."

ஜோடி விஷயம் ஊருக்கே தெரியும். யாருக்கு யார் என்பதுதான் தெரியாது. இவள் தன் ஜோடியைக் கண்டுபிடித்துவிட்டாள், வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் பேசுகிறாள் என்று பிரேம்நாத் முடிவு கட்டினான். அவளை அவள் அம்மா வீட்டுக்கே அனுப்பிவிடுவது என்றும் முடிவு கட்டினான். ஜோதி துணிமணிகளைப் பையில் எடுத்து வைத்துவிட்டு, அவன் அனுப்பட்டும் என்று காத்திருந்தாள்.

அதற்குமுன் ஆளைப் பார்த்துவிட வேண்டும் அல்லவா? சத்துவாச்சாரியில் இருக்கும் டாக்டரின் மகள் ஹரிணி, அப்பாவின் நோட்டை எடுத்துக் காட்டினாள். இடது என்ற தலைப்பின் கீழே ஜோதி. வலது என்ற தலைப்பின் கீழே சர்தார் பாஷா, ஆம்பூர்.

பிரேம்நாத் மறுநாளே ஆம்பூர் போனான். தோல் பதனிடும் ஷாப்பில் அறுபத்தைந்து வயது மனிதர் ஒருவர், ஈரத்தோலைத் தோளில் போட்டுக்கொண்டு, காயப்போட மாடி ஏறிக்கொண்டிருந்தார். மணி நாலு. ஃபோனில் ஜோதியின் விரல் நூற்றுமுப்பத்திரண்டு காட்டியது. கிழவர் படியில் உட்கார்ந்து மூச்சு விட்டதும் நூற்றிரண்டுக்கு இறங்கியது. வாட்ச்மேன் வேலை போனபிறகு சித்திரையிலிருந்து இந்த வேலைதானாம். ஷாப்புக்கு வெள்ளிக்கிழமை லீவாம்.

பிரேம்நாத்துக்கு வெட்கமாக இருந்தது. தான் யார் என்பதைச் சொல்லாமல், "உங்க ஜோடி ஆளுக்கு ஆவறது உங்களுக்கும் தெரியுமா பாய்?" என்று கேட்டான்.

"தெரியாம? ஏழு மணி ஆனா ஒரே பேஜார் தம்பி. நெஞ்சு கெடந்து அடிச்சிக்குது. ஓடி அடிச்சிக்கிறது வேற, பயந்து அடிச்சிக்கிறது வேற. எனக்கு ரெண்டும் தெரியும். இந்த வயசுல எனக்கு யார்கிட்ட பயம்? அந்த ஆளு வூட்டுக்கு ஏழு மணிக்கு யாரோ வர்றான்."

பிரேம்நாத் ஃபோனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டான். பிறகு, "நான்தான் பாய்" என்றான்.

பாஷா அவனை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. ஃபோனில் தெரிந்த அந்த விரல் மெஷினை நாளைக்குக் கொண்டுவந்து தன்னிடம் கொடுத்துவிடச் சொன்னார். அவன் கொடுத்தான். நாலு மணித் தோலை வேறு ஆளிடம் விடச் சொல்லி மேஸ்திரியிடம் கெஞ்சிவிட்டும் வந்தான். ஜோதி பையைப் பிரிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தாள்.

இப்போது ஏழு மணிக்கு மெஷின் பாஷாவின் விரலில் இருக்கிறது. ஏழே காலுக்கு அவர் பிரேம்நாத்துக்கு ஃபோன் செய்து எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார். ஆடியில் நூற்றிருபது. தீபாவளிக்கு எண்பத்தெட்டு. நேற்று எழுபத்தாறு. ஜோதிக்கு இயல்பு எழுபத்திரண்டு. இன்னும் நாலு பாக்கி.