டாக்டர் சொன்னதில் ஒன்று

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார்களுக்கு வயர்க் கட்டுகள் செய்கிற அந்தக் கம்பெனியில், ஒரு லைனுக்கு ஒரே ஒரு பாத்ரூம் பாஸ். சிவப்பு நாடாவில் கோத்த பிளாஸ்டிக் அட்டை, லைன் லீடர் கழுத்தில் தொங்கும். அவசரம் என்றால் லீடரிடம் போய்க் கேட்க வேண்டும். அவள் கழற்றிக் கொடுத்தால் போகலாம். இல்லையென்றால் அடக்கிக்கொண்டு உட்கார்ந்து வயரைச் சொருக வேண்டும். ஒரு ஷிப்டில் லைன் முழுக்கச் சேர்த்து இத்தனை தடவைதான் என்று கணக்கு வேறு. பெண்களின் வயிற்றுக்குப் பூட்டுப் போட யோசனை சொன்ன புண்ணியவான் எவனோ, அவன் நன்றாக இருக்கட்டும்.

மூன்றாவது லைனுக்கு ஜெபா லீடர். அந்த நாடா அவள் கழுத்துக்கு வந்ததே அவள் எழுந்து போகாததால்தான். சூப்பர்வைசர் வெங்கடேசன் ஒருநாள் எல்லாரையும் நிற்க வைத்து, "ஜெபாவப் பாருங்க. காலைல உக்காந்தா சாப்பாட்டுக்குத்தான் எந்திரிக்குது. கத்துக்கோங்க" என்றார். கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்தில் பிறந்தவள் அவள். அதுவரை யாரும் அவளை எதற்கும் உதாரணம் காட்டியதில்லை. அன்றைக்கு அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. தீபாவளிக்குள் நல்ல பெயரெடுத்த லீடர்களைப் பர்மனென்ட் செய்யப் போகிறார்கள் என்று பேச்சு வந்ததிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே கிடையாது.

எழுந்து போகாமலிருப்பது ஒன்றும் பெரிய வித்தையல்ல. தண்ணீர் குடிக்கக் கூடாது, அவ்வளவுதான். வீட்டிலேயே காலைக்கடனை முடித்துவிட்டு வரலாமே என்று கேட்கிறவர்கள் அத்திப்பட்டில் அவள் குடியிருக்கும் வரிசை வீடுகளைப் பார்த்ததில்லை. அத்தனை வீட்டுக்கும் ஒரே கக்கூஸ். கம்பெனி பஸ் வரும் நேரத்தில்தான் அதன் வாசலில் வாளிகள் வரிசை கட்டும். வந்ததை அடக்கிக்கொண்டு பஸ் ஏறுவாள். சாயங்காலம் உட்கார்ந்தால் அது வராது. முக்கி முக்கிக் கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம்.

இதைச் சொல்லத்தான் இ.எஸ்.ஐ. டாக்டரிடம் போனாள். எதிரே உட்கார்ந்திருந்தவர் சின்ன வயசு ஆண். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, "தல சுத்துது சார்" என்றாள். அவர் இமையை இழுத்துப் பார்த்து, ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது இன்னும் இறுக்கிவிட்டது. பத்து நாளில் ஆசனவாய் ஓரத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி. துணி பட்டாலே உயிர் போயிற்று. வாயைத் திறந்து சொல்லக் கூசியதற்கு அவள் உடம்பு கொடுத்த கூலி அது.

அவள் கணவன் அந்தோணிக்கு வள்ளூர் மின் நிலையத்தில் சாம்பல் அள்ளும் காண்ட்ராக்ட் வேலை. அவனுக்கு எல்லா நோயும் சூடுதான்.

"சூட்டுக் கட்டி ஜெபா. கோழிய நிறுத்திட்டு மோரு குடி. வெளக்கெண்ண தடவிக்கினு படு, தானா அமுங்கிடும்."

நைட்டி கறையானதுதான் கண்ட பலன். ஒரு வாரம் ஒரு தொடையில் உட்கார்ந்து வேலை பார்த்தாள். லீவு போட்டால் நாடா வேறொருத்தி கழுத்துக்குப் போய்விடும் என்ற பயம் வலியைவிடப் பெரிதாக இருந்தது. பஸ் ஒரு வேகத்தடையில் தூக்கிப் போட்ட அன்றுதான் எல்லார் முன்னாலும் வாய்விட்டு அழுதாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் பொன்னேரியில் ஒரு லேடி டாக்டரைப் பார்த்தாள்.

டாக்டரம்மா கையுறை போட்டுப் பார்த்தார். முகம் சுளிக்கவில்லை.

"மூலம்தாம்மா. ஓரத்து ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு கட்டிக்கிச்சு. வந்த ரெண்டு மூணு நாள்ல வந்திருந்தா மரத்துப்போக ஊசி போட்டுக் கீறி எடுத்திருப்பேன். இப்ப தானாவே வத்திடும். வெந்நீர்ல இடுப்பு நனைய உக்காருங்க, இந்தக் களிம்பைத் தடவுங்க. கீரை, பழம், நெறைய தண்ணி. இரும்பு மாத்திரைய மாத்தித் தர்றேன். காய்ச்சலோ சீழோ வந்தா உடனே ஓடி வந்துடுங்க, அது வேற மாதிரி, கீறித்தான் ஆகணும்." கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாத்தவிட முக்கியம், வந்தா அடக்கக் கூடாது. உடனே போயிடணும். அது இல்லாட்டி மத்ததெல்லாம் வீண்."

"உடனேவா மேடம்?"

"ஆமா. அதுல என்ன கஷ்டம்?"

ஜெபா மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை லைனில் உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. பாஸ் தன் கழுத்தில்தான் இருக்கிறது. தான் யாரிடம் போய்க் கேட்க வேண்டும்? தண்ணீர் குடித்தாள். வந்தபோது எழுந்து போனாள். சில வாரத்தில் கட்டி வற்றிவிட்டது. மனசுக்குள் கர்த்தரைத் துதித்தாள்.

லைனின் கணக்கு மட்டும் மாறவில்லை. அவள் போனால் மற்றவர்களில் ஒருத்திக்கு ஒரு தடவை குறைந்தது. "இப்பதான ஒருத்தி போய்ட்டு வந்தா?" என்று அதட்டுவாள். அந்த ஒருத்தி யாரென்று எல்லாருக்கும் தெரியும். வெங்கடேசனிடம் போய் இன்னும் சில தடவை கூட்டிக் கொடுக்கச் சொல்லலாம் என்று ஒருநாள் அவர் மேஜை வரைக்கும் போனாள். அவர் நிமிர்ந்து, "இன்னாம்மா, உன் லைன்தான் எப்பவும் நம்பர் ஒன்னு" என்றார். சிரித்துவிட்டுத் திரும்பிவிட்டாள். என்ன பிழைப்பு இது என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. ஆத்திரம் சாப்பாட்டு மணி வரைக்கும்கூட நிற்கவில்லை.

தீபாவளிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, கடைசி இருக்கையில் வேலை பார்க்கும் கிரேஸ் எழுந்து வந்தாள். கல்யாணமாகாத பெண். அன்றைக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு தடவை. அதை ஜெபா தனக்கென்று வைத்திருந்தாள்.

"பாஸ் குடுக்கா."

"அப்பறம் போ."

கிரேஸ் நகரவில்லை. குனிந்து காதோரம் சொன்னாள். "அக்கா, எனுக்கு அங்க ஒரு கட்டி வந்துகீது. உக்கார முடில. ஒனக்கும் இருந்துச்சாமே? டாக்டராண்ட காட்ட வெக்கமா கீதுக்கா. ஒனக்கு அவங்க இன்னா சொன்னாங்களோ அத்த சொல்லு, அப்டியே செய்றேன்."

ஜெபா கிரேஸின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். வெந்நீர், எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம். களிம்பின் பெயர். கீரை, கொய்யா, தண்ணீர். காய்ச்சல் வந்தால் ஓடு, வெட்கம் பார்க்காதே. கிரேஸ் பிள்ளை பாடம் கேட்பதுபோலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

"அவ்ளோதானாக்கா? வேற ஒண்ணும் சொல்லலியா?"

சூப்பர்வைசர் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெங்கடேசன் நின்றுகொண்டிருந்தார்.

"அவ்ளோதான்" என்றாள் ஜெபா.

"ஏசப்பா ஒன்ன நல்லா வச்சிருப்பாருக்கா" என்று சொல்லிவிட்டுக் கிரேஸ் பாஸ் வாங்காமலே தன் இடத்துக்குப் போய், பல்லைக் கடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.